ஒப்புக்கு

பதினோரு பெயர்களைக் காரில் ஏறுமுன்பே
சொல்லிவிட்டார் தலைமைப் பயிற்சியாளர்.
"பன்னெண்டாவது ஆளை நீயே போட்டுக்கோம்மா,
காலையில பத்துக்குள்ள லிஸ்ட் போயிடணும்."
கண்ணாடி ஏறியது.

பெரியமேட்டில் மணி ஒன்பது.
தோல் மண்டிகள் மூடியபின்னும் அந்த வாடை
அரங்கத்துக்குள் வந்து
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.
பக்கத்தில் நான்.
மடியில் ஒரு காகிதம்,
அதில் மூன்று பெயர்.

தணிகைவேல்.
பத்தொன்பது வயது, ஆறடி ஒன்பது அங்குலம்.
பாஸ் கொடுத்தால் பந்தைப் பார்ப்பதில்லை,
கொடுத்தவர் முகத்தைப் பார்க்கிறான்.
வயிற்றில் மோதித் தரையில் உருளும் பந்திடம்
சாரி என்கிறான்.

இன்பராஜ். ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸ்.
மூலையில் நிறுத்தினால் பத்துக்கு ஏழு விழும்.
மூலைக்குப் போய்ச் சேருவதற்குள்
எதிரணி ஒரு டீ குடித்துவிடலாம்.
தடுப்பாட்டம் என்றால்
ஹாரன் அடிக்குமுன்பே கேட்டைத் திறக்கும் வாட்ச்மேன்.

வாஜித். முப்பத்து நான்கு.
இரண்டு முழங்காலிலும் கத்தி வைத்தாயிற்று.
மேசையும் மின்விசிறியும் பென்ஷனுமாய் இருந்த வேலையை
எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அவனைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இருபத்தைந்து புள்ளி முன்னால் இருந்தாலோ
இருபத்தைந்து பின்னால் கிடந்தாலோதான்
பன்னிரண்டாவது ஆளுக்குக் கூப்பாடு.
சீசன் முழுக்கக் கூட்டினால் பதினோரு நிமிடம்.
கடைசிப் பந்தி.
பாயசம் தீர்ந்திருக்கும், ரசம் தாராளம்.

அயனாவரத்துச் சந்தில்
பையன்கள் என்னைச் சேர்த்துக்கொண்டதும் இப்படித்தான்:
ஒப்புக்குச் சப்பாணி.
நான் அவுட்டானாலும் கணக்கில்லை,
பந்து சாக்கடையில் விழுந்தால் மட்டும்
என் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.
இப்போது அதையே
முத்திரைத்தாளில் அடித்து
ஒப்பந்தம் என்கிறோம்.

மூன்று நாளும் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை.
வெளியே உட்காரவைத்தபின் பார்த்தேன்.
இன்பராஜ் போனைத் தேடினான்.
தணிகைவேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக
யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வாஜித் மட்டும் எழுந்து நின்று
"லெஃப்ட்ல ஸ்க்ரீன் வருது, லெஃப்ட்ல!" என்று
தொண்டை கிழியக் கத்தினான்.
உள்ளே இருந்தது இன்பராஜ்.
அவனுடைய போட்டியாள்.

வாஜித் என்று எழுதினேன்.

பிறகு லூதியானாவிலிருந்து இறக்கிய எங்கள் சென்டர்
நினைவுக்கு வந்தான்.
நூற்றுப்பத்து கிலோ.
தினமும் அவன்மேல் இடிக்க
ஓர் உடம்பு வேண்டும்.
தினமும் அவன் இடித்துத் தள்ளவும்
அதே உடம்பு.
முப்பத்து நான்கு வயது முழங்காலை
அந்தச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்த முடியாது.

அடித்து எழுதினேன்.
திறமைக்காக இல்லை, எதிர்காலம் என்றெல்லாம் இல்லை;
மெத்தை வாங்குவதுபோல
நீளம் அகலம் பார்த்து எழுதினேன்.
அவனுக்கு அது தெரியவேண்டாம்.

இன்பராஜுக்கு அனுப்பிய செய்தியில்
இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை.
வாஜித் முதல் மணியிலேயே எடுத்தான்.
பின்னால் பஸ் இரைச்சல், கண்டக்டர் விசில்.
"யாருக்கா? பையனா?"
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் பஸ் மட்டும் பேசியது.
"மூஞ்சிக்கு நேரா பாஸ் குடுங்க அவனுக்கு.
குடுக்கறவங்க மூஞ்சியத்தான் பாப்பான்.
கீழ குடுத்தா பந்து வந்ததே தெரியாது."
டோல்கேட் வந்துடுச்சு, வெக்கறேன் என்றான்.

காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு துணிப்பை.
பயிற்சிக்குக் கொடுத்த பனியன்,
துவைத்து, இஸ்திரி போட்டு.

திருப்பூர்க்காரர் அழைத்தார்:
"பன்னெண்டாவது ஜெர்சி என்ன சைஸ் மேடம்?"
இருக்கிறதிலேயே பெரியது என்றேன்.

மைதானத்தில் தணிகைவேல்
யாரும் வருமுன்பே வந்து
எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான்.
பந்தை எடுத்தேன்.
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
முகத்துக்கு நேராக விட்டேன்.

பிடித்துவிட்டான்.
பிடித்த பிறகும்,
பழக்கத்தில்,
சாரிக்கா என்றான்.